புரண்டெழும் நேரம்

ப்லோவ்டிவ், பிப்ரவரி. மரித்சா ஆற்றின் மேல்
காலையிலேயே அந்தி விழுந்த மாதிரி வெளிச்சம்.
எலிகள் இருக்கும் அறையில் மட்டும்
வருஷம் முழுக்க இருபத்திரண்டு பாகை.

பன்னிரண்டு எலிகளுக்கு வெறும் தண்ணீர்.
பன்னிரண்டு எலிகளுக்குச் சுப்ரித்சா.
மிளகு விளையாத இந்த நாட்டில்
மிளகின் வேலையைப் பார்க்கிற இலை அது,
எங்கள் அவரைச் சூப்பில் நாங்கள் கிள்ளிப் போடுவது.
இங்கே அது சாராயத்தில் ஊறி, வற்றி,
தார் போல் இறுகி வந்திருக்கிறது.
எடைக்குத் தக்கபடி கரைத்து
முனை உருண்ட ஊசியால் தொண்டைக்குள் இறக்குகிறேன்.
பத்து நாள்.
பதினோராம் நாள் எல்லாவற்றுக்கும் ஒரே தூக்க மருந்து.

பிறகு கடிகாரம்தான்.

மல்லாக்கக் கிடத்துகிறேன்.
வெள்ளை வயிறு ஏறி இறங்குகிறது.
நான்கு கால்களும் எதையோ பிடிக்கப் போய் மறந்துவிட்டன.
தானாகப் புரண்டு நிற்கிற அந்த நொடியைக்
குறித்துக்கொள்ள வேண்டும், பிசகாமல்.
தண்ணீர் குடித்தவை: முப்பத்தெட்டு நிமிடம். நாற்பத்தொன்று.
சாறு குடித்தவை: இருபத்தாறு. இருபத்து நான்கு.
பதினேழாம் எண் பத்தொன்பதிலேயே எழுந்து
மீசையைத் துடைத்துக்கொண்டது,
கடனைத் தீர்த்துவிட்டு வங்கியிலிருந்து இறங்குகிறவன் போல.

"ஈரல் சுறுசுறுப்பாகிவிட்டது" என்றார் பேராசிரியர் கலபோவா.
அவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. கவலையும் இல்லை.
நொதிகளில் முதல் அணி
வந்த பொருளை உடைத்து முள் முளைக்க வைக்கும்.
இரண்டாம் அணி முள்ளுக்கு உறை மாட்டி
பித்தத்தோடு வெளியே அனுப்பும்.
முதல் அணி மட்டும் ஓடி
இரண்டாம் அணி மூச்சு வாங்கினால்?
வீடெல்லாம் முள்.

நஞ்சா மருந்தா என்று ஈரல் விசாரிப்பதில்லை.
வேற்றாள். அது போதும்.

சனிக்கிழமைச் சந்தையில் பென்கோ
பழுப்புக் குப்பிகளை அடுக்கியிருந்தான்: 'ஈரல் சுத்தி'.
ஒட்டுத்தாளுக்கு ஒரு வரி எழுதித் தா என்றான்,
ஆய்வுக்கூடம் சொல்வது போல.
"இருபத்து நான்கு எலிகள், பென்கோ" என்றேன்.
"எங்கள் நகர்மன்றக் கூட்டத்துக்கே
அத்தனை பேர் வருவதில்லை" என்றான்.
ஒரு குப்பியைப் பையில் திணித்துவிட்டான்,
காசு வாங்காமல்.

நானும்தான் குடித்தேன். படித்தவள்தான், என்ன இப்போது.
அக்டோபரில் ராதோஸ்டின் வார்னாவுக்குப் போனதிலிருந்து
இரவுக்கு அரை மாத்திரை எனக்கு.
மாத்திரைக்கு முன் தேநீரில் இருபது சொட்டு,
குளிருக்கு, கசப்புக்கு, இலவசத்துக்கு.

இரண்டாம் வாரம்:
செவ்வாய், மூன்று பத்து.
புதன், மூன்று ஐந்து.
வெள்ளி, இரண்டு நாற்பது.
விட்டத்தைப் பார்த்துக்கொண்டு மல்லாக்க நான்.
குப்பியா? ராதோஸ்டினா? கீழ்வீட்டு நாயா?
சொல்ல வழியில்லை.
தண்ணீர் மட்டும் குடித்த இன்னொரு நான்
பக்கத்தில் படுத்திருக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் ஈரல்களை எடுத்தோம்.
பனிக்கட்டியின் மேல் வைத்து அரைத்தேன்.
பதினேழாம் எண்ணினது கொஞ்சம் கனம்,
கொஞ்சம் கருஞ்சிவப்பு,
கையுறைக்குள்ளும் அதன் சூடு தெரிந்தது.

அறிக்கையில் 'மேம்படுத்துகிறது' என்றிருந்ததை அடித்து
'மாற்றுகிறது' என்று எழுதினேன்.
கலபோவா பார்த்தார். அப்படியே விட்டுவிட்டார்.

குப்பியைக் குளியலறையில் கவிழ்த்தேன்.
சூப்பில் மட்டும் ஒரு சிட்டிகை, எப்போதும் போல.
அவ்வளவு சின்னதுக்கு ஈரல் கதவைத் திறந்துகூடப் பார்க்காது.

நேற்றும் மூன்று மணிக்கு விழித்தேன்.
கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தேன், அசையாமல்,
யாரோ நொடியைக் குறிக்கக் காத்திருக்கிற மாதிரி.
பிறகு புரண்டு படுத்தேன்.